செவ்வாய்க்கிழமையைக் கேளுங்கள்

போன மாதம், பழைய அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் கூப்பிட்டார். மியூச்சுவல் கன்சென்ட் மனு போட்டாகிவிட்டதாம். இரண்டாவது மோஷனுக்குக் காத்திருக்கிறார்கள். ஆறு வயதில் ஒரு பையன். “அண்ணே, மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை வாங்கித் தர்றேன்னு வக்கீல் சொல்றாரு. நாலும் வேணும்னு அடம்பிடிக்கட்டுமா?” என்றார்.

“ஞாயித்துக்கிழமைய அவங்களே வச்சுக்கட்டும். நீ செவ்வாய்க்கிழமையைக் கேளு.”

“அன்னிக்கு ஸ்கூல் இருக்குமேண்ணே?”

“அதுக்குத்தான்.”

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, யோசித்துக்கொண்டிருந்தார். போனில் விளக்கித் தீர்கிற விஷயமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். (செவ்வாயோ வெறுவாயோ என்று சொல்லி எங்கள் பாட்டி அன்றைக்கு எந்த நல்ல காரியமும் தொடங்க விடமாட்டாள். செவ்வாய் தோஷம் இல்லை என்று இரண்டு ஜோசியர்களிடம் உறுதி செய்துகொண்ட பிறகுதான் எனக்குக் கல்யாணமே நடந்தது. என் வாழ்க்கையில் செவ்வாய் எந்தக் கெடுதலும் செய்யவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.)

ஞாயிறு அப்பாக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அடையாளம் தெரிந்திருக்காது. வேளச்சேரி மாலிலோ ராயப்பேட்டை மாலிலோ மதியம் சும்மா உட்கார்ந்து கவனித்தால் தெரியும். கேம் ஜோனில் கார்டுக்கு மறுபடி பணம் ஏற்றிக்கொண்டிருப்பார். பிள்ளை கேட்கும் முன்பே ஐஸ்கிரீம் வந்துவிடும். அடிக்கடி மணி பார்ப்பார். பக்கத்து மேசையில் ஓர் அம்மா தன் பிள்ளையை “ஒழுங்கா உக்காரு” என்று அதட்டிக்கொண்டிருப்பாள்; இவர் அதட்டவே மாட்டார். கிடைத்ததே சில மணி நேரம், அதிலும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வதா என்ற பயம். “ஸ்கூல் எப்படிப் போகுது?” என்பார். “நல்லாப் போகுது” என்று பதில் வரும். அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில்.

பிள்ளைகள் கேட்டால் சொல்ல மாட்டார்கள். காணாமல்போன ரப்பரைத் தேடும்போது சொல்வார்கள். தலை துவட்டிவிடும்போது சொல்வார்கள். தூங்கு என்று விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, “அப்பா, இன்னிக்கு என்னை யாரும் டீம்ல சேத்துக்கல” என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வரும். அதைக் கேட்க வேண்டுமென்றால் அந்த நேரத்தில் அந்த அறையில் நீங்கள் படுத்திருக்க வேண்டும். மாலில் ஐந்து மணிக்குள் அதெல்லாம் நடந்து முடியாது.

மாலைவிட இறுக்கமான இடமும் உண்டு. சென்னையில் குடும்ப நீதிமன்றம் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கிறது. அப்பா அம்மா இருவருக்கும் நம்பிக்கை அறவே அற்றுப்போன வழக்குகளில், அங்கே இருக்கும் குழந்தைகள் மையத்தில் வைத்துப் பிள்ளையைப் பார்க்கச் சொல்வார்கள். உங்கள் பக்கத்தில் இன்னோர் அப்பா, இன்னொரு பிள்ளை. வெளியே வராந்தாவில் அம்மா, அம்மாவின் அண்ணன், சில நேரம் ஜூனியர் வக்கீல். அங்கே போகிற அப்பாக்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டேன். பலருக்கு அந்த இரண்டு மணி நேரம் கிடைப்பதற்கே எத்தனையோ வாய்தா ஆகியிருக்கும். ஆனால் அந்த அறையில் பிள்ளை உங்களைப் பார்க்கிறதே தவிர உங்களோடு வாழவில்லை.

2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ஒருவர் போட்ட உத்தரவு கொஞ்ச நாள் எல்லோர் வாயிலும் அடிபட்டது. பிள்ளையைப் பார்க்க வரும், பிரிந்து வாழும் கணவரை விருந்தாளிபோல நடத்த வேண்டும். சிற்றுண்டியும் இரவுச் சாப்பாடும் கொடுத்து, பிள்ளையோடு சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று அதில் இருந்தது. ‘அதிதி தேவோ பவ’ என்பதையும் மேற்கோள் காட்டியிருந்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தக் கருத்துகளை நீக்கிவிட்டது. பிரிந்துபோன பெண் எதற்காக இவருக்குத் தோசை சுட வேண்டும் என்று பெண்கள் கோபப்பட்டார்கள். நியாயமான கோபம். எனக்கு அதன் இன்னொரு பக்கத்திலும் கோபம் இருந்தது. நான் எதற்கு விருந்தாளி? விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லுகிற ஊர் இது. ஓர் அப்பனை மரியாதையாக வெளியே அனுப்ப வேண்டுமென்றால் விருந்தாளி ஆக்கினால் போதும். விருந்தாளி பாத்திரம் துலக்க மாட்டான். பிள்ளையின் ஜட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று விருந்தாளிக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

சட்டத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1956-ம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தில் 6-வது பிரிவைப் புரட்டினால், பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் அப்பா, அவருக்குப் பிறகுதான் அம்மா. அதே பிரிவு, ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது, கையெழுத்து அப்பாவுக்கு, கைக்குழந்தை அம்மாவுக்கு. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது அப்பா கையெழுத்து வேண்டும் என்றார்கள். அந்த அப்பாவுக்கே அம்மா கையெழுத்துப் போடுவதில் ஆட்சேபம் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அப்பா உயிரோடு இருந்தாலும், பிள்ளையின் விஷயங்களைக் கவனிக்காதவராகவோ கவனிக்க முடியாதவராகவோ இருந்தால் அம்மாவே காப்பாளர் ஆகலாம் என்று 1999-ல் தீர்ப்பு வந்தது. பெண்களுக்குக் கிடைத்த வெற்றி என்றுதான் அதைப் படித்திருக்கிறோம். நான் அதை அப்பாக்கள் எல்லோருக்கும் அனுப்பப்பட்ட நோட்டீஸாகவும் படிக்கிறேன். பெயர் மட்டும் போதாது தம்பி, ஆள் வேண்டும்.

பிள்ளையின் நலன்தான் அளவுகோல் என்பது 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டத்திலிருந்தே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ரோஸி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் சொத்தும் இல்லை, விளையாட்டுப் பொம்மையும் இல்லை என்று 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. வேண்டிய அளவுக்கு நல்ல வாக்கியங்கள் இருக்கின்றன. 2015 மே மாதம் சட்ட ஆணையம் தன் 257-வது அறிக்கையில், கூட்டுக் கஸ்டடியைச் சட்டத்திலேயே ஒரு வழியாகச் சேர்க்கச் சொன்னது. யார் எப்போது பிள்ளையோடு இருப்பது, படிப்பு, மருத்துவம் எல்லாவற்றையும் பெற்றோர் உட்கார்ந்து ஒரு திட்டமாக எழுத வேண்டும் என்றது. தாத்தா பாட்டிக்கும் நேரம் ஒதுக்கச் சொன்னது. அறிக்கை அறிக்கையாகவே இருக்கிறது. சில நீதிபதிகள் தாங்களாகவே முயன்றிருக்கிறார்கள். 2013-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு பையனை ஜனவரி முதல் ஜூன் வரை அப்பாவிடமும், ஜூலை முதல் டிசம்பர் வரை அம்மாவிடமும் இருக்கச் சொன்னது. சனி ஞாயிறு மற்றவர் பார்க்கலாம், படிப்புச் செலவு சரிபாதி. 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், நேரில் பார்க்கும் நேரம் மட்டும் போதாது, தினமும் ஐந்து பத்து நிமிடமாவது பிள்ளையோடு பேசவும் வழி செய்ய வேண்டும் என்றது. அந்த ஐந்து நிமிடம்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஏனென்றால் அது திங்கட்கிழமையும் உண்டு.

எங்கள் கதைக்கு வருகிறேன்.

மகள் இப்போது நாலாம் வகுப்பு. செவ்வாய், புதன் இரவு என் வீடு. ஒன்றுவிட்டு ஒரு சனி ஞாயிறு என் வீடு. பெரிய லீவு ஆளுக்குப் பாதி. இதைச் சமரச மையத்தில் உட்கார்ந்து எழுதினோம். இருவரும் நல்லவர்கள் என்பதால் இது நடந்தது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். சண்டைக்குச் செலவழிக்க இருவரிடமும் காசு இல்லை, அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் தூரம். அவள் அம்மா வீடு நங்கநல்லூர், பள்ளி பல்லாவரம் பக்கம், நான் குரோம்பேட்டையில் வீடு பிடித்தேன். மூன்றும் ஒரே மின்சார ரயில் பாதையை ஒட்டிய ஊர்கள். பிள்ளையைப் பகிர்ந்து வளர்ப்பதைப் பற்றி எவ்வளவோ பேசுகிறார்கள், ஆனால் பாதி வெற்றி வாடகை வீட்டின் பின்கோடில் இருக்கிறது. அப்பா சோழிங்கநல்லூரிலும் அம்மா ஆவடியிலும் இருந்துகொண்டு பள்ளி நாளைப் பங்கு போட்டால் பிள்ளை வேனிலேயே வளரும்.

அந்த வீடு பிடித்த கதை தனிப் பதிவு போடலாம். சென்னையில் கேட்டுக்குக் கேட்டு ‘ஃபேமிலி மட்டும்’ என்று ஒரு போர்டு தொங்கும்.

“ஃபேமிலியா தம்பி?”

“நானும் பொண்ணும் சார். வாரத்துல ரெண்டு நாள் இங்க இருப்பா.”

“மத்த நாளு?”

“அவ அம்மாகிட்ட.”

“அப்ப பேச்சிலர்னு சொல்லுங்க.”

இதே உரையாடல் வேறு வேறு கேட்டுகளில் நடந்தது. ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், “மறுபடி கல்யாணம் ஆனதும் வாங்க” என்றார். கடைசியில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர்தான் கொடுத்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “பொண்ணு வர்றது எந்தெந்த நாளு? அன்னிக்கு மோட்டார் ரெண்டு தடவ போட்டுடறேன்.” குடும்பம் என்றால் தண்ணீர்ச் செலவு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நடைமுறைக்கு வந்தால், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது பிள்ளையைக் கைமாற்றும் இடம். எங்கள் வீட்டு வாசலில் அது நடப்பதே இல்லை. செவ்வாய் காலையில் அம்மா பள்ளியில் விடுவார், மாலையில் நான் போய் அழைத்து வருவேன். வியாழன் காலையில் நான் விடுவேன், மாலையில் அம்மா. பள்ளிதான் நடுவில் நிற்கிறது. வாசலில் “போயிட்டு வரேன்” என்று பிள்ளை ஒருவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டு இன்னொருவரிடம் நடந்து வரும் அந்தச் சில அடிகள் இல்லவே இல்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் எதிரெதிரே நின்று முகம் பார்க்க வேண்டியதும் இல்லை. சமரச மையத்தில் ஒரு மூத்த அம்மையார் சொன்ன யோசனை இது. எங்களுக்குத் தோன்றியிருக்காது.

இரட்டிப்பாக வாங்கக் கூடியவை உண்டு: சீருடை, செருப்பு, பல் துலக்கி, ஜியாமெட்ரி பாக்ஸ். இரட்டிப்பாக்க முடியாதவை: பாடப்புத்தகம், லைப்ரரி புத்தகம், ஐடி கார்டு, ஒரு காது பிய்ந்த துணி முயல். புதன் இரவு எட்டரை மணிக்கு ஹிந்திப் புத்தகம் நங்கநல்லூரில் இருக்கிறது என்று தெரியவரும். முன்பெல்லாம் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுவேன். இப்போது அவள் அம்மா அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார். சார்ட் பேப்பர் எப்போதும் சுருட்டி வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் இரவு ஒன்பது மணிக்கு “அப்பா, நாளைக்கு சோலார் சிஸ்டம் கொண்டு போகணும்” என்று சொல்வதற்கென்றே பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த அன்றைக்கே ‘டியர் மம்மீஸ்’ என்று ஒரு தகவல் வந்தது. இன்றுவரை அப்படித்தான் வருகிறது. நானும் “நோட்டட்” என்று போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பேன் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பகிர்ந்து வளர்ப்பது என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் பேனைத்தான் உதாரணம் காட்டுவேன். போன வருடம் வகுப்பில் பரவிய பேன் எங்கள் வீட்டுக்கும் வந்தது. நான் மருந்து போட்டு, பேன் சீப்பால் வாரி, தலையணை உறையை எல்லாம் கொதிநீரில் அலசினேன். வியாழன் அங்கே போனாள், அடுத்த செவ்வாய் தலையைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்தாள். அங்கே பாட்டியின் தலையிலும் ஏறியிருந்தது. ஒரு வீட்டில் மட்டும் ஒழித்தால் ஒழியாது. இரண்டு வீட்டிலும் ஒரே நாள் மருந்து, ஒரே நாள் துணி அலசல், ஒரு வாரம் பத்து நாள் கழித்து ஈர் பொரிந்தவற்றுக்காக மறுபடி ஒரே நாள் இன்னொரு சுற்று. கல்யாணமாகிச் சேர்ந்து வாழ்ந்த காலத்தில்கூட நானும் அவரும் ஒரு காரியத்தை இவ்வளவு கச்சிதமாகச் சேர்ந்து செய்ததில்லை. மாமியாராக இருந்தவர் என்னிடம் போனில், “மாப்ள, வேப்பெண்ணெயும் தடவுங்க” என்றார். நானும் பழக்கத்தில் “சரிங்க அத்தை” என்றேன். இருவரும் அதைத் திருத்தவில்லை. பேன் எந்தக் கோர்ட் உத்தரவையும் மதிக்காது, காய்ச்சலும் அப்படித்தான். அதனால் பள்ளிப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு. வேறு எதுவும் அதில் எழுதக் கூடாது. பாராசிட்டமால் நான் நாலு மணிக்குக் கொடுத்தது தெரியாமல் அங்கே ஐந்து மணிக்கு மறுபடி கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சினிமாக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல முடியாது. ‘கிராமர் வெர்சஸ் கிராமர்’ 1979-ல் வந்த படம். ஆஸ்கரில் சிறந்த படம் என்ற விருது வாங்கியது. மனைவி விட்டுப் போன மறுநாள் காலை அப்பாவும் பையனும் பிரெஞ்ச் டோஸ்ட் செய்யத் தெரியாமல் சமையலறையை நாசம் செய்வார்கள். கடைசியில் அதே இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் அதைச் செய்து முடிப்பார்கள். அப்பன் தேறிவிட்டான் என்று சொல்ல அந்தப் படத்துக்கு இரண்டு காலைச் சிற்றுண்டி போதுமானதாக இருந்தது. நம் ‘விஸ்வாசம்’ 2019-ல் வந்தது. மகளைப் பிரிந்த அப்பா, தான் யார் என்று சொல்லாமலே மும்பையில் அவளுக்குக் காவலாக நின்று அடியாட்களைத் துவைத்தெடுப்பார். தியேட்டரில் நானும் கண்ணைத் துடைத்தேன், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வாழ்க்கையில் அடியாட்கள் வருவதில்லை. ஏழாம் வாய்ப்பாடுதான் வருகிறது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும். “பணம் கட்டல, பிள்ளையைக் காட்ட மாட்டேன்” என்று ஒரு பக்கம். “பிள்ளையைக் காட்டல, பணம் கட்ட மாட்டேன்” என்று மறுபக்கம். இரண்டும் தப்பு. ஜீவனாம்சம் பிள்ளை சாப்பிடுவதற்கு, பார்ப்பது பிள்ளை வளர்வதற்கு. ஒன்றை அடகு வைத்து இன்னொன்றை மீட்க முடியாது. அப்பாக்களின் வாட்ஸ்அப் குழுக்களில் நான் கொஞ்ச காலம் இருந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு அழுகிற ஆண்கள் அங்கே உண்டு, அவர்கள் வலி நிஜம். ஆனால் ‘ஐம்பது சதவீதம் நேரம் கேட்டால் மெயின்டெனன்ஸ் எவ்வளவு குறையும்’ என்று கணக்குப் போடுகிற பேச்சும் அங்கேயே கேட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் கணக்கை மோப்பம் பிடிக்காமல் இருப்பாரா? கூண்டில் ஏற்றி அவர் கேட்கும் கேள்விகள் சாதாரணமானவைதான். கிளாஸ் டீச்சர் பேர் என்ன? பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்காது? கடைசியாகத் தடுப்பூசி எப்போது போட்டது? ஷூ சைஸ் என்ன? சம்பளச் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் அங்கே தோற்றுவிடுவார்.

சட்டம் போட்டுப் பாதிப் பாதி ஆக்கிவிடலாமே என்று கேட்பவர்களோடு நான் சேர மாட்டேன். ஆஸ்திரேலியாவில் 2006-ல், பெற்றோர் இருவருக்கும் சமமான பொறுப்பு என்ற அனுமானத்தைச் சட்டத்தில் வைத்தார்கள். சமமான பொறுப்பைச் சமமான நேரம் என்று மக்கள் புரிந்துகொண்டார்கள். வன்முறையில் தப்பி வந்த பெண்கள்கூட அதற்குப் பணிந்து போக வேண்டிய நிலை வந்தது. 2023-ல் அதை நீக்கிச் சட்டம் போட்டார்கள். நேர்மாறாக ஜப்பானில், விவாகரத்து ஆனால் பிள்ளை ஒருவருக்கே என்றிருந்ததை 2024 மே மாதம்தான் திருத்தினார்கள். நாடுகளே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருகின்றன. நம் ஊரில் 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-வது பிரிவு, அப்பா வந்து பார்ப்பது பிள்ளைக்குக் கெடுதல் என்று பட்டால் மாஜிஸ்திரேட் மறுக்க வேண்டும் என்கிறது. அது அப்படியே இருக்கட்டும். கைநீட்டுகிற வீட்டுக்குச் செவ்வாயும் வேண்டாம், ஞாயிறும் வேண்டாம். நான் பேசுவது அப்படி இல்லாத வீடுகளைப் பற்றி. புருஷன் பெண்டாட்டியாக ஒத்துவராமல், அப்பா அம்மாவாக மட்டும் ஒத்துப்போகக் கூடியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

செவ்வாயும் புதனும் மகளின் அம்மாவுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரவு பத்து வரை ஆகும். அந்த நாள்களில் கடினமான வேலையைச் செவ்வாய் புதனுக்குத் தள்ளிவைக்க முடிகிறது. மற்ற மாதங்களில் தூங்குவதாக ஒருமுறை சொன்னார். எனக்கு அது போதும், அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அவரை அலுவலகத்தில் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? “பொண்ண ரெண்டு நாள் விட்டுட்டு எப்படி இருக்கீங்க?” என்னைக் கேட்பது, “ரெண்டு நாள் நீங்களே பாத்துக்கிறீங்களா? கிரேட் சார்!” அவர் ஐந்து நாள் பார்த்துக்கொண்டு குற்றவாளி, நான் இரண்டு நாள் பார்த்துக்கொண்டு தியாகி. மாதாந்திரப் பெற்றோர் கூட்டத்துக்கு நான் தனியாகப் போனால் டீச்சர் நாற்காலி இழுத்துப் போடுகிறார். அவர் தனியாகப் போனால் “அப்பா வரலையா?” என்கிறார்கள். இந்தச் சலுகையை நான் கேட்கவில்லை, திருப்பிக் கொடுக்கவும் இடம் தெரியவில்லை.

விசேஷங்கள் வேறு ஒரு சிக்கல். நம் சடங்குகளில் அப்பாவுக்கு எப்போதுமே பெரிய வேடம் கிடையாது. காது குத்துவது தாய்மாமன் மடியில். நாளைக்கு மஞ்சள் நீராட்டு என்றால் சீர் கொண்டு வருவதும் தாய்மாமன்தான். அப்பா பந்தலுக்குக் காசு கொடுத்துவிட்டு வாசலில் நின்று “வாங்க வாங்க” என்று சொல்லுவார். சேர்ந்து வாழ்கிற அப்பாவுக்கே அவ்வளவுதான் என்னும்போது பிரிந்த அப்பாவின் பெயர் பத்திரிகையில் எங்கே வரும் என்று என் அம்மா இப்போதே கவலைப்படுகிறாள். எனக்கு அந்தக் கவலை இல்லை. என் கவலை, அது ஒரு புதன்கிழமை ராத்திரி என் வீட்டில் வைத்து நடந்தால் என்ன செய்வது என்பது. அவளுக்குப் பத்து வயது ஆகப்போகிறது. அவள் அம்மாவிடம் கேட்டேன். அவர் ஒரு பவுச்சில் நாப்கின், மாற்று உள்ளாடை, ஒரு சின்னக் காகிதத்தில் எப்படி வைப்பது என்ற படம் எல்லாம் போட்டுக் கொடுத்து, “அவகிட்டயும் சொல்லிட்டேன், உங்ககிட்டயும் சொல்லிட்டேன். அன்னிக்கு யாருக்கும் போன் பண்ணி டமாரம் அடிக்க வேணாம், எனக்கு மட்டும் பண்ணுங்க” என்றார். பவுச் துணி அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது.

அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்பு முடிந்தால் இந்தப் பள்ளியும் முடிகிறது. ஆறாம் வகுப்புக்குப் புதிய பள்ளி, புதிய வேன் வழி. அப்போது இந்த அட்டவணை நிற்காது. பிள்ளைக்கு விவரம் தெரிகிற வயது வந்தால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம் என்று 1890-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. எங்கள் வீட்டில் அது கேட்கப்படாமலே வந்துகொண்டிருக்கிறது. கீபோர்டு கிளாஸ் செவ்வாய்க்கு மாறிவிட்டதாம், அதனால் குரோம்பேட்டை நாள்கள் புதனும் வியாழனுமாக இருக்க வேண்டுமாம். குடும்ப நீதிமன்றத்தைவிடக் கறாரான ஆள். மே மாதம் மூன்று பேரும் பல்லாவரத்தில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து புதிதாக எழுதுவதென்று முடிவாகியிருக்கிறது. அவள் தன் பக்கக் கோரிக்கைகளை ரஃப் நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டாள். முதல் கோரிக்கை பூனை. எந்த வீட்டில் என்று எழுதவில்லை, ‘இரண்டு வீட்டிலும்’ என்று எழுதியிருக்கிறாள். டீச்சரம்மாவிடம் நான்தான் பேச வேண்டுமாம்.